கர்ப்பத்தில் இறங்கி, பிரசவத்துக்குப் பின் ஏறிய மருந்து: வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணின் நிகழ்வு ஆய்வு

இது ஒரே ஒரு பெண்ணின் மருத்துவக் கோப்பு அல்ல. வலிப்பு நோயோடு கருத்தரித்துக் குழந்தை பெற்ற பலரிடம் திரும்பத் திரும்பப் பார்த்ததை ஒருவர் கதையாகக் கோத்திருக்கிறேன். மருந்தளவுகளும் இரத்தப் பரிசோதனை எண்களும் இப்படிப்பட்டவர்களிடம் வழக்கமாகக் காணக்கூடியவை. அவற்றைப் பார்த்து யாரும் தன் மாத்திரையைத் தானே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

முதல் சந்திப்பு

வயது 27. திருமணமாகி ஓராண்டு. பதினைந்து வயதில் தொடங்கிய இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு. காலையில் எழுந்த கொஞ்ச நேரத்துக்குள் கைகள் திடுக்கென்று உதறும். சீப்போ டம்ளரோ, கையில் இருப்பது பறக்கும். வீட்டில் அதைக் கவனக்குறைவு என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். தேர்வுக்காக இரவு முழுக்க விழித்துப் படித்த மறுநாள் காலை முழு உடல் வலிப்பு வந்த பிறகுதான் மருத்துவரிடம் போனார்கள். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் இந்த வகைக்கே உரிய, பல கூர்முனைகள் சேர்ந்த அலைகள். எம்.ஆர்.ஐ. இயல்பு. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரையைத் தொடங்கினார்கள், நாளுக்கு 1,000 மி.கி.யில் வலிப்பு நின்றது. மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றுகூட இல்லை.

கணவரோடு வந்திருந்தார். கேட்ட கேள்வி ஒன்றுதான்: "குழந்தைக்குப் பார்க்கலாம்னு இருக்கோம் டாக்டர். மாத்திரையை எப்ப நிறுத்தலாம்?"

இந்தக் கேள்வியோடு கருத்தரிக்கும் முன்பே ஒருவர் வருவது அபூர்வம். பெரும்பாலானவர்கள் நாள் தள்ளிப்போன பிறகுதான் வருகிறார்கள். மூளையும் தண்டுவடமுமாக வளரும் கருவின் நரம்புக் குழாய், கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. அதாவது, நாள் தள்ளிப்போனதைக் கவனித்து, பரிசோதனை செய்து, சந்திப்புக்கு நேரம் வாங்கி வருவதற்குள் முக்கியமான அந்த வாரங்கள் முடிந்திருக்கும். அந்த நிலையில் வால்ப்ரோயேட்டை அவசரமாக நிறுத்துவதில் லாபம் குறைவு, ஆபத்து அதிகம்.

அவருக்குச் சொன்ன பதில்: மாத்திரையை நிறுத்த முடியாது, மாற்றலாம். இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க மருந்து கேட்கும் நோய். மூன்று ஆண்டு அமைதி என்பது மருந்து தந்த அமைதி. கணவருக்கு இதில் அரைமனது. "எந்த மாத்திரையும் இல்லாம இருந்தா குழந்தைக்கு நல்லதுதானே?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் கணக்கில் தாயை விட்டுவிட்ட கேள்வி. அமெரிக்காவில் பிரசவத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்த பெண்களை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வலிப்பு நோயுள்ளவர்களில் ஒரு லட்சத்துக்கு 80 பேரும், மற்றவர்களில் 6 பேரும் அங்கே இறந்திருந்தார்கள். பிரிட்டனின் தாய் இறப்பு விசாரணைகளில் வலிப்பு நோயால் நேர்ந்த மரணங்களில் பெரும்பான்மை, தூக்கத்திலோ தனிமையிலோ திடீரென நேர்ந்தவை. கட்டுக்குள் வராத முழு உடல் வலிப்புதான் அதற்கு முதல் காரணம். இதை அந்த அறையில் சொல்லும்போது முகங்கள் மாறும். ஆனாலும் சொல்லாமல் விட முடியாது.

ஏன் வால்ப்ரோயேட் வேண்டாம்

பல நாடுகளின் தகவலைத் திரட்டும் யூராப் பதிவேடு 2018-இல் 7,000-க்கும் மேற்பட்ட கர்ப்பங்களின் கணக்கை வெளியிட்டது. ஒரே வலிப்பு மருந்து மட்டும் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் பெரிய பிறவிக் குறைபாடு வந்தது வால்ப்ரோயேட்டில் 10.3 சதவீதம், கார்பமசெபினில் 5.5, லாமோட்ரிஜினில் 2.9, லெவெடிரசிட்டத்தில் 2.8. மருந்தே எடுக்காத தாய்மாரிடமும் இது 2 முதல் 3 சதவீதம் வரை இருக்கிறது என்பதால், கடைசி இரண்டும் ஏறக்குறைய அதே வரிசையில் நிற்கின்றன. வால்ப்ரோயேட்டில் டோஸ் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது.

பாதிப்பு உறுப்புக் குறைபாட்டோடு நின்றுபோவதில்லை. வயிற்றில் வால்ப்ரோயேட் பட்ட குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு எண் ஆறு வயதில் 97, லாமோட்ரிஜின் பட்டவர்களுக்கு 108 என்று 2013-இல் வெளியான நீட் (NEAD) ஆய்வு காட்டியது. ஸ்கேனில் இது தெரியாது. 'ஸ்கேன் நார்மல்' என்ற ஒரு வரியை நம்பி வால்ப்ரோயேட்டைத் தொடரும் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மறுபக்கமும் உண்டு. இந்த வகை வலிப்பை வால்ப்ரோயேட் அளவுக்கு அடக்கும் மருந்து வேறில்லை. லாமோட்ரிஜின் இதில் சற்று வலுக்குறைந்தது. சிலருக்குக் கை உதறலை அதிகமாக்கவும் செய்யும். மாற்றினால் வலிப்பு திரும்பி வரலாம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போய், அடுத்த முறை வந்து சரி என்றார்.

மாற்றிய விதம்

முதலில் லெவெடிரசிட்டம். வலிப்புக்கு நன்றாகவே கேட்டது, மனசுக்கு ஒத்துவரவில்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல், காரணமில்லாத அழுகை. "நான் நானாவே இல்ல டாக்டர்" என்றார். இந்த மருந்தில் இது நன்கு தெரிந்த பக்கவிளைவு. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வரக்கூடிய காலத்துக்குள் இவரை இதோடு அனுப்ப எனக்கு மனமில்லை. லாமோட்ரிஜினுக்குப் போனோம்.

வால்ப்ரோயேட் உடம்பில் இருக்கும்போது லாமோட்ரிஜினை மிக மெதுவாகத்தான் ஏற்ற முடியும். கல்லீரல் அதை வெளியேற்றுவதை வால்ப்ரோயேட் தடுப்பதால் இரத்த அளவு இரட்டிப்பாகும்; வேகமாக ஏற்றினால் உயிருக்கே ஆபத்தான தோல் தடிப்பு வரலாம். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மி.கி. என்று தொடங்கினோம். வால்ப்ரோயேட் குறையக் குறைய அந்தத் தடுப்பும் விலகும், லாமோட்ரிஜின் அளவு கீழே இறங்கும். அதை ஈடுகட்ட டோஸை ஏற்ற வேண்டும். கடைசியில் லாமோட்ரிஜின் மட்டும், நாளுக்கு 200 மி.கி. இதற்கே பல மாதங்கள் ஆயின.

அந்த மாதங்களில் கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே? ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினின் இரத்த அளவைப் பாதியாகக் குறைத்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்து ஆணுறையைப் பரிந்துரைத்தேன். ஃபோலிக் ஆசிட் முன்கூட்டியே தொடங்கியாயிற்று. எவ்வளவு என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை; 0.4 மி.கி.யில் தொடங்கி 5 மி.கி. வரை வழிகாட்டிகள் வேறுபடுகின்றன. கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

அப்புறம், இந்த நிகழ்வின் அச்சாணியான பரிசோதனை: கர்ப்பத்துக்கு முன், வலிப்பில்லாத நிலையில், காலை மாத்திரை போடும் முன் எடுத்த இரத்தத்தில் லாமோட்ரிஜின் அளவு. மில்லிலிட்டருக்கு 4.8 மைக்ரோகிராம். பரிசோதனைக் கூடங்கள் அச்சிட்டுத் தரும் 'இயல்பு வரம்பு' இங்கே பெரிதாக உதவாது. இவருக்கு எந்த அளவில் வலிப்பு அடங்கியிருந்தது என்பதுதான் இவருக்கான இலக்கு. அந்த எண் இல்லாமல் கர்ப்பத்துக்குள் போனால், பிறகு வரும் எண்களை எதோடு ஒப்பிடுவது?

கர்ப்பம்: அளவு இறங்கிய கதை

ஏழாவது வாரத்தில் அளவு 3.9. டோஸை 250 மி.கி. ஆக்கினோம். வாந்தி கடுமையாக இருந்தது. மாத்திரை போட்ட சிறிது நேரத்தில் வாந்தி வந்து மாத்திரையும் வெளியே வந்தால் மறுபடி போடச் சொன்னேன். குமட்டல் குறைவாக இருக்கும் வேளைக்கு மாத்திரையை மாற்றிக்கொண்டார். இருபதாவது வார அனாமலி ஸ்கேனில் குறை எதுவும் இல்லை. எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். பிரச்சினையும் அங்கேதான் தொடங்கியது.

மாதம் ஒருமுறை அளவு பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். ஸ்கேன் நன்றாக இருந்ததும் அந்தப் பரிசோதனை வீட்டாருக்குத் தேவையற்றதாகப் பட்டது. "ஏற்கெனவே டோஸ் கூட்டியாச்சு. மறுபடி டெஸ்ட் எடுத்தா மறுபடி கூட்டுவாங்க. பிள்ளைக்கு ஆகாது" என்று மாமியார் சொல்லியிருக்கிறார். அவர் மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. டோஸ் கூடினால் குழந்தைக்குப் போகும் மருந்தும் கூடும் என்று நினைப்பது இயல்பு. இங்கே கணக்கு அப்படி இல்லை.

அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டால் நீர்மட்டம் ஓரிடத்தில் நிற்கும் அல்லவா? கர்ப்பத்தில் அந்த ஓட்டை பெரிதாகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற, லாமோட்ரிஜினைக் கழிவாக்கும் கல்லீரல் நொதி வேகமெடுக்கிறது. வெளியேற்றம் இரண்டு மடங்கு, சிலருக்கு மூன்று மடங்குகூட ஆகும். குழாயை அப்படியே வைத்தால் மட்டம் இறங்கும். டோஸைக் கூட்டுவது பழைய மட்டத்துக்குக் கொண்டுவரத்தான். கருவுக்குப் போவது மாத்திரை அட்டையில் அச்சிட்ட எண் அல்ல, தாயின் இரத்தத்தில் இருக்கும் அளவு. எல்லாருக்கும் இது ஒரே மாதிரி நடப்பதுமில்லை. சிலருக்கு அளவு கொஞ்சமே இறங்கும். அதனால்தான் கணித்து ஏற்றாமல் அளந்து ஏற்ற வேண்டியிருக்கிறது. லெவெடிரசிட்டம், ஆக்ஸ்கார்பசெபின் அளவுகளும் கர்ப்பத்தில் இறங்கும்.

இருபத்து நான்காவது வாரம். நான்கைந்து நாட்களாகக் காலையில் கை உதறல் திரும்பியிருக்கிறது. போன் ஒருமுறை கைநழுவி விழுந்து திரை உடைந்தது. களைப்பு என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. வயிறு பெரிதானதால் தூக்கம் வேறு சரியில்லை. ஒருநாள் காலை ஏழு மணிக்குக் குளியலறை வாசலில் முழு உடல் வலிப்பு. இரண்டு நிமிடத்துக்குள் நின்றது. கணவர் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பே சொல்லிக் கொடுத்திருந்தது அன்று உதவியது.

அவசரப் பிரிவில்

இருபது வாரத்துக்கு மேல் கர்ப்பிணிக்கு வலிப்பு என்றால் மருத்துவர் மனதில் முதலில் வர வேண்டிய பெயர் எக்லாம்சியா, அதாவது கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோயால் வரும் வலிப்பு. வலிப்பு நோய் இருக்கிறது என்று கோப்பில் எழுதியிருப்பதால் மட்டும் அதை ஒதுக்க முடியாது. இரண்டும் ஒருவருக்கே வரலாம். மருந்தோ வேறு: எக்லாம்சியாவுக்கு மெக்னீசியம் சல்ஃபேட், வலிப்பு நோயின் வலிப்பு நிற்காமல் போனால் லோராசெபாம் போன்றவை. சந்தேகம் தீராவிட்டால் எக்லாம்சியா என்றே எடுத்துக்கொண்டு மெக்னீசியம் தொடங்குவதுதான் பாதுகாப்பு.

இவருக்கு இரத்த அழுத்தம் 116/74. சிறுநீரில் புரதம் இல்லை. தலைவலியோ பார்வை மங்கலோ மேல்வயிற்று வலியோ முன்னால் இருந்ததில்லை. தட்டணுக்களும் கல்லீரல் பரிசோதனையும் இயல்பு. அரைமணிக்குள் தெளிந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அதோடு, காலை உதறல்கள் பற்றிய விவரம். அதைக் கேட்டுப் பெற்றவர் பணியில் இருந்த இளம் மருத்துவர், "காலையில கையில இருந்து ஏதாவது விழுந்துச்சாம்மா?" என்ற அவரது ஒரு கேள்வி பாதி நோயறிதலை முடித்துவிட்டது. மெக்னீசியம் தேவைப்படவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது குழந்தையின் இதயத்துடிப்பு சற்று மந்தமாக இருந்து, கொஞ்ச நேரத்தில் சீரானது. விழுந்ததில் வயிற்றில் அடிபட்டதா, நச்சுக்கொடி பிரிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை.

அன்று எடுத்த இரத்தத்தில் லாமோட்ரிஜின் அளவு 2.1. டோஸ் 250 ஆக ஏறியிருந்தும், பழைய அளவில் பாதிகூட இல்லை. கர்ப்பத்துக்கு முந்தைய அளவில் 65 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வலிப்பு அதிகமாகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவருக்கு அந்தக் கோடு 3.1. எப்போதோ அதைத் தாண்டி இறங்கியிருந்தார்.

சில நாட்களுக்குத் தாங்குதலாகக் க்ளோபசாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்து, லாமோட்ரிஜினை 350, பிறகு 400, முப்பத்து நான்காவது வாரத்தில் 500 மி.கி. என்று ஏற்றினோம். அளவு 4.4-க்கு வந்தது. அதற்குப் பிறகு உதறல்கூட இல்லை. 500 என்ற எண்ணைப் பார்த்து வீட்டில் பயந்தார்கள். பழைய 200 மி.கி.யில் இருந்ததைவிடக் குழந்தைக்கு அதிக மருந்து போகவில்லை என்பதைப் பரிசோதனைத் தாளை விரித்து, 4.8-ஐயும் 4.4-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வட்டமிட்டுக் காட்டினேன். மாமியார்தான் முதலில் புரிந்துகொண்டார்.

இங்கே ஒன்று. கர்ப்பம் வலிப்பு நோயை மோசமாக்கும் என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமும் உண்டு. 2020-இல் வெளியான மோனீட் ஆய்வில், வலிப்பு கூடியவர்கள் கர்ப்பிணிகளில் 23 சதவீதம். கர்ப்பமில்லாத, வலிப்பு நோயுள்ள பெண்களில் 25 சதவீதம். வித்தியாசமே இல்லை. ஆனால் அந்தக் கர்ப்பிணிகளில் 74 சதவீதத்தினருக்கு ஒருமுறையாவது டோஸ் மாற்றப்பட்டிருந்தது. மாற்றாமல் விட்டிருந்தால் அந்த 23 எத்தனை ஆகியிருக்கும் என்பதே என் கேள்வி.

பிரசவம்

வலிப்பு நோய் இருப்பதால் சிசேரியன் செய்துவிடலாம் என்று உறவினர்கள் கேட்டார்கள். மகப்பேறு மருத்துவர் மறுத்தார், சரியான முடிவு. வலிப்பு நோய் மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது. பிரசவ வலியின்போது வலிப்பு வருவது நூற்றில் ஓரிருவருக்குத்தான். அதையும் தூண்டுபவை தூக்கமின்மை, வலி, மூச்சிரைப்பு, முக்கியமாகத் தவறவிட்ட மாத்திரை. பிரசவ அறையில் எல்லோரும் மும்முரமாக இருக்கும்போது மாலை மாத்திரை மறந்துபோவது சர்வ சாதாரணம். அதனால் தன் மாத்திரைகளைப் பையில் கொண்டுபோகச் சொல்லியிருந்தேன். நேரத்தை நினைவூட்டும் வேலை கணவருக்கு.

39-ஆவது வாரத்தில் தானாக வலி எடுத்தது. வலி தணிக்க முதுகுத் தண்டில் எபிடூரல் கொடுத்தார்கள். பெதிடின் என்ற வலி மருந்து வேண்டாம் என்று முன்பே எழுதிவைத்திருந்தோம்; அது உடலில் சிதைந்து உண்டாகும் நார்பெதிடின் வலிப்பைத் தூண்டக்கூடியது. சுகப்பிரசவம். 2.9 கிலோ பெண் குழந்தை. எல்லாப் பிறந்த குழந்தைகளுக்கும் போடுவதுபோல வைட்டமின் கே 1 மி.கி. ஊசி.

ஒன்பதாம் நாள்

குழந்தை பிறந்ததும் ஈஸ்ட்ரோஜன் சரிகிறது. தொட்டியின் ஓட்டை இரண்டு மூன்று வாரத்துக்குள் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். குழாய் மட்டும் 500-இல் திறந்தே இருக்கிறது. இதற்காக மூன்றாம் நாளில் தொடங்கிப் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணை ஒன்றைக் கோப்பில் வைத்திருந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் அது ஏறவில்லை. 'முன்பு எடுத்த மருந்துகளைத் தொடரவும்' என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. எந்த வார்டிலும் கைபோன போக்கில் எழுதப்படும் வரி.

ஒன்பதாம் நாள் காலை எழுந்தபோது எதிரே நின்ற கணவர் இரண்டாகத் தெரிந்தார். நடந்தால் தள்ளாட்டம், இரண்டு முறை வாந்தி. பிரசவமான இரண்டாவது வாரத்தில் இந்த அறிகுறிகளோடு ஒருவர் வந்தால் மூளைச் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம் என்று பயப்பட வேண்டும். பயந்து படமும் எடுத்தார்கள். சிரைகள் திறந்தே இருந்தன. லாமோட்ரிஜின் அளவு 11.6.

மருந்தை அன்றே குறைத்தோம். மறுநாள் இரட்டைப் பார்வை போனது, அதற்கடுத்த நாள் நடை சீரானது. குழந்தையையும் பரிசோதித்தார்கள்: விழிப்பாக இருந்தது, நன்றாகச் சப்பிக் குடித்தது, எடையும் ஏறியிருந்தது. அதைப் பார்க்காமல் விடக்கூடாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் இரத்தத்தில் லாமோட்ரிஜின் தாயின் அளவில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை இருக்கும். தாய் மிக அதிக டோஸில் இருந்தபோது குழந்தைக்கு மூச்சு நின்ற நிகழ்வும் பதிவாகியிருக்கிறது.

வழக்கமான அளவுகளில் தாய்ப்பாலை நிறுத்தக் காரணமில்லை. தாய் மாத்திரை எடுத்தபடியே பாலூட்டிய குழந்தைகள் ஆறு வயதில், பாலூட்டப்படாதவர்களைவிட நுண்ணறிவு எண்ணில் சற்று மேலேயே இருந்தார்கள், கீழே போகவில்லை. 'பவுடர் பாலுக்கு மாத்திடுங்க' என்ற அறிவுரை இவருக்கும் நான்கு திசையிலிருந்து வந்தது. தொடர்ந்து பாலூட்டினார். இரவில் ஒருவேளை மட்டும், பிழிந்து வைத்த பாலைக் கணவர் கொடுப்பார். இவருடைய வலிப்பு வகைக்குத் தூக்கம் கெடுவதுதான் முதல் எதிரி. தொடர்ச்சியாக ஐந்தாறு மணி நேரத் தூக்கம் கிடைப்பது மாத்திரைக்குச் சமம்.

வீட்டில் செய்துகொண்ட மாற்றங்கள் சின்னவை. குழந்தைக்குத் துணி மாற்றுவது மேசையில் அல்ல, தரையில் விரித்த மெத்தையில். தனியாக இருக்கும்போது குழந்தையைத் தொட்டியில் குளிப்பாட்டுவதில்லை. ஈரத் துணியால் துடைப்பதோடு சரி. பாலூட்டுவது தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து. குழந்தைக்கும் இந்த நோய் வருமா என்று கேட்டார். மற்ற குழந்தைகளைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை என்றேன்.

ஆறாவது வாரம்

லாமோட்ரிஜின் 250 மி.கி., அளவு 5.8. கர்ப்பத்துக்கு முந்தைய 200-ஐவிட ஒரு படி மேலே வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறோம். இரவுத் தூக்கம் திரும்பியதும் குறைப்பது பற்றிப் பேசுவோம். உதறல் இல்லை. மனச்சோர்வுக்கான கேள்விகளையும் கேட்டேன். அழுகை வரத்தான் செய்கிறது, ஆனால் லெவெடிரசிட்டம் நாட்களைப் போல இல்லை என்றார். கருத்தடைக்குக் காப்பர்-டி பொருத்திக்கொண்டார். அடுத்த கர்ப்பத்துக்கு என்று அவர் கேட்காமலே ஒரு தாளில் இந்த முறை வந்த வாரங்களையும் டோஸையும் அளவையும் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். பிரசவத்துக்குப் பிந்தைய குறைப்பு அட்டவணை அதே தாளின் மேல் பாதியில் இருக்கிறது, சிவப்பு மையில். ஒரு பிரதி மகப்பேறு மருத்துவரிடம், ஒன்று கணவரின் போனில்.